பழைய வாஷரையே திரும்பப் போடலாமா?

வணக்கம். இன்றைக்கு ஆயில் மாற்றப் போகிறேன். ஆனால் பேசப்போவது ஆயிலைப் பற்றி இல்லை, என் விரல் நுனியில் இருக்கிற இந்த வளையத்தைப் பற்றி. கேமராவுக்குக் கிட்டே பிடிக்கிறேன், ஃபோக்கஸ் ஆகட்டும்… ம், இப்போது தெரிகிறதா? ட்ரெயின் பிளக் வாஷர். ஆயிலை வடிக்க இன்ஜின் அடியில் இருக்கும் திருகுதான் ட்ரெயின் பிளக், அதன் தலைக்கடியில் உட்காருவது இந்த வளையம்.

காரைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தியாகிவிட்டது. வெறும் ஜாக்கை நம்பி அடியில் படுக்காதீர்கள். இன்ஜினைச் சற்று ஓடவிட்டு நிறுத்தியிருக்கிறேன், ஆயில் வெதுவெதுப்பாக இருக்கும். அது போதும். கொதிக்கக் கொதிக்கத் திறந்தால் முழங்கை வரை வழியும்.

சரி, பிளக் வந்துவிட்டது. ஆயில் வடியட்டும். பிளக்கைத் துடைத்துக் காட்டுகிறேன், இதில் என்ன குறைகிறது? வாஷர் இல்லை. ட்ரேயில் விழுந்ததா என்று பார்த்தால் அங்கேயும் இல்லை. இதோ, டார்ச்சை மேலே அடிக்கிறேன்… சம்ப்பிலேயே, அதாவது இன்ஜின் அடியில் ஆயில் தங்கும் தொட்டியிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது! அழுக்கேறி சம்ப்பின் நிறத்துக்கே வந்துவிட்டதால் சட்டென்று கண்ணில் படாது. இதைக் கவனிக்காமல் புது வாஷரோடு பிளக்கைப் போட்டால் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு வாஷர் உட்காரும். கசிவை நாமே கூப்பிட்டு உட்கார வைத்த மாதிரிதான். நகத்தால் வராவிட்டால் பிளாஸ்டிக் துண்டாலோ மரக்குச்சியாலோ தள்ளுங்கள். ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் சம்ப்பின் முகத்தில் கீறல் விழும், அப்புறம் அந்தக் கீறல் வழியாகவே ஆயில் இறங்கும்.

மரைதான் ஆயிலைத் தடுக்கிறது என்று நானும் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். மரையின் வேலை பிளக்கை இழுத்துப் பிடிப்பது. அடைப்பது வாஷர். பிளக்கின் அடிப்பகுதியும் சம்ப்பின் முகமும் பார்க்க வழவழப்பாக இருந்தாலும் நுணுக்கமான மேடு பள்ளங்கள் இருக்கும். நடுவில் மெத்தென்ற உலோகம் நசுங்கி அந்தப் பள்ளங்களில் போய் உட்காருகிறது. நசுங்கிய செம்பு இறுகிவிடும், அதற்குப் பிறகு அவ்வளவு சுலபமாக வளைந்து கொடுக்காது. அடுத்த முறை அதே வாஷரைப் போடும்போது பழைய தடமும் புது இடமும் பொருந்துவதில்லை. விளைவு, ஒரு சொட்டு.

என் பழைய காரில் நடந்தது அந்த ஒரு சொட்டுதான். வாஷர் நன்றாகத்தானே இருக்கிறது என்று திரும்பப் போட்டேன். மறுநாள் தரையில் ஒரு பொட்டு. கொஞ்சம் இறுக்கினேன். நின்ற மாதிரி இருந்தது, நிற்கவில்லை. இன்னும் கொஞ்சம். மூன்றாவது தடவை ஸ்பேனரைப் பிடித்து அழுத்தும்போது திடீரென்று கை லேசாகிவிட்டது. இந்த வேலை செய்தவர்களுக்கு அந்த லேசு என்னவென்று தெரியும், வயிற்றைக் கலக்கும். அலுமினிய சம்ப்பின் மரை சுருள் சுருளாகப் பிளக்கோடு வெளியே வந்தது. ஓட்டையைப் பெரிதாக்கி, ஹெலிகாயில் என்கிற கம்பிச்சுருள் மரையை வைத்துத்தான் சரிசெய்ய முடிந்தது. வாஷரை மாற்றாததும் நான், இறுக்கித் தொலைத்ததும் நான்.

எல்லா வாஷரும் ஒரே மாதிரி இருக்காது. தட்டையான செம்பு, தட்டையான அலுமினியம், உள்ளே கூடாக மடித்துச் செய்தது, உலோகத்தில் ரப்பர் ஒட்டியது என்று பல வகை. சில கார்களில் வாஷர் பிளக்கோடு சேர்ந்தே வரும், அப்போது பிளக்கையே மாற்ற வேண்டியிருக்கும். உள்விட்டம் பிளக்கின் மரைக்குப் பொருந்த வேண்டும். 12, 14, 16 மில்லி எல்லாம் கண்ணுக்கு ஒன்று போலத் தெரியும், குத்துமதிப்பாக வாங்காதீர்கள்.

செம்பு வாஷரைச் சூடாக்கினால் திரும்ப மென்மையாகுமே என்று கேட்பீர்கள். ஆகும். செக்கச்செவேல் என்று ஆகும்வரை சுட்டு ஆறவிட்டு, மேலே படியும் கறுப்பைத் தேய்த்து எடுத்தால் போதும். தண்ணீரில் போட்டு ஆற்றினாலும் செம்புக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் இது தட்டையான செம்புக்கு மட்டும்தான். அலுமினியத்தில் செய்துவிடாதீர்கள், அது 660 டிகிரியில் உருகிவிடும், சிவக்கும் என்று காத்திருந்தால் கையில் வாஷர் இருக்காது. கையிலேயே புது வாஷர் இருக்கும்போது நான் அடுப்புப் பக்கம் போவதில்லை.

ஆயில் வடிந்துவிட்டது. சம்ப்பின் முகத்தைத் துணியால் துடைக்கிறேன். புது வாஷர், பிளக். முதல் சில சுற்று கையாலேயே. கையால் ஏறவில்லை என்றால் மரை கோணலாகப் பிடித்திருக்கிறது, கழற்றி மறுபடி ஆரம்பியுங்கள். இறுக்கத்துக்கு டார்க் ரெஞ்ச், வைத்த அளவு வந்ததும் க்ளிக் என்று சொல்லும் ஸ்பேனர். இந்த காருக்கு மேனுவலில் 40 நியூட்டன் மீட்டர் போட்டிருக்கிறது. 30 போட்ட கார்களும் உண்டு, உங்களுடையதைப் பார்த்துக்கொள்ளுங்கள். 40 என்றால் 20 சென்டிமீட்டர் ஸ்பேனரின் முனையில் சுமார் 20 கிலோ அழுத்தம். உடம்பையே சாய்த்துத் தொங்குகிற அளவுக்கு இல்லை.

க்ளிக். அவ்வளவுதான், இன்னொரு தடவை அழுத்த வேண்டாம்.

ஃபில்டரையும் மாற்றி ஆயில் ஊற்றியாகிவிட்டது, வீடியோவில் அந்தப் பகுதியை வேகமாக ஓட்டிவிட்டேன். இப்போது இரண்டு நிமிடம் இன்ஜின் ஓடட்டும்… நிறுத்திவிட்டு அடியில் டார்ச் அடிக்கிறேன். பிளக்கைச் சுற்றி டிஷ்யூவால் ஒரு துடைப்பு. பாருங்கள், வெள்ளையாகவே இருக்கிறது. காரைச் சமதரையில் இறக்கி, ஆயில் கீழே இறங்கியதும் டிப்ஸ்டிக் பார்க்கிறேன். ராத்திரி முழுக்க அடியில் ஒரு அட்டை இருக்கும், காலையில் அதை உங்களுக்குக் காட்டுகிறேன்.