பேர் வாங்கித் தந்தது ஆட்டமா, கதையா? (‘கதையே’ அணியின் உரை)

நடுவர் அவர்களே, வணக்கம். எதிரணியில் உட்கார்ந்து என் குறிப்புச் சீட்டையே எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும் நண்பருக்கும், அரங்கத்தில் இருக்கும் பெரியவர்களுக்கும் வணக்கம்.

அமெரிக்காவில் அந்தக் காலத்தில் ஊர் ஊராகப் போய்ப் போக்கர் என்ற சீட்டாட்டம் ஆடிப் பிழைத்தவர்களுக்குப் பேர் வாங்கித் தந்தது ஆட்டமா, கதையா? இதுதான் தலைப்பு. எனக்கு முன்னால் பேசியவர் ஆட்டமே என்று அடித்துப் பேசினார். “டாயில் பிரன்சன் 1976, 1977 இரண்டு வருஷமும் போக்கர் உலகப் பட்டம் ஜெயித்தாரே, கதை அளந்தா ஜெயித்தார்?” என்று கேட்டுக் கைதட்டல் வாங்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஐயா, அந்தக் கைதட்டலைத் திருப்பிக் கேட்கத்தான் நான் எழுந்திருக்கிறேன்.

அந்த 1976 கடைசி ஆட்டத்தையே எடுத்துக்கொள்வோம். ஆளுக்கு இரண்டு மூடிய சீட்டு. நடுவில் ஐந்து திறந்த சீட்டு. முதலில் மூன்று, அப்புறம் ஒன்று, அப்புறம் ஒன்று. ஏழில் நல்ல ஐந்து யாருக்கோ அவருக்குப் பணம். எதிரே ஜெஸ்ஸி ஆல்டோ, கையில் ஆஸும் ஜாக்கியும். பிரன்சன் கையில் 10, 2. நடுவில் விழுந்தது ஆஸ், ஜாக்கி, 10. ஆல்டோவுக்கு இரண்டு ஜோடி, நம்மாளுக்கு ஒரே ஒரு பத்து ஜோடி. நாலாவது சீட்டு 2. இப்போது அவருக்கும் இரண்டு ஜோடிதான், ஆனால் ஆஸ் ஜோடிக்கு முன்னால் பத்து ஜோடி என்ன செய்யும்? தெரிந்த எட்டுச் சீட்டு போகப் பாக்கி 44-ல் அவரைக் காப்பாற்றக்கூடியவை நாலே நாலு: இரண்டு பத்து, இரண்டு ரெண்டு. பதினொன்றுக்கு ஒன்று. விழுந்தது 10.

அடுத்த வருஷம் கேரி பெர்லண்டோடு கடைசி ஆட்டம். மறுபடியும் அதே 10, 2. முதல் மூன்று சீட்டு 10, 8, 5. பெர்லண்ட் கையில் 8, 5. மறுபடியும் பிரன்சன் பின்தங்கி நிற்கிறார். நாலாவது 2. கடைசியில் 10!

ஒருவருக்கு விழுந்த சீட்டுகளைப் போக்கரில் ‘கை’ என்பார்கள். இன்றைக்கு அந்த 10-2 கைக்கே ‘டாயில் பிரன்சன்’ என்றுதான் பெயர். விவரம் தெரிந்தவன் கையில் வந்ததும் ஆடாமலே மடக்கிப் போடுகிற சீட்டு அது. பதினைந்து வருஷத்துக்கு மேலாக டெக்சாஸ் ரோட்டில் அலைந்து, ஆயிரக்கணக்கான கைகளைப் பொறுமையாக மடக்கிய ஆட்டக்காரர் அவர். அந்த மடக்கலில்தான் திறமை இருந்தது. அதில் ஒன்றையாவது யாராவது வாய்விட்டுச் சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? நினைவில் நிற்பது, பின்தங்கியிருந்தும் சீட்டு விழுந்து தப்பித்த இரண்டே இரண்டு கை. எதிரணி கொண்டுவந்த சாட்சி எங்கள் பக்கம்தான் பேசுகிறது, நடுவர் அவர்களே.

திறமை வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. சீட்டு தெரியாதவன் அந்த ரோட்டில் ஒரு வாரம் தாங்கமாட்டான். ஆனால் அந்தத் தொழிலில் சீட்டு ஆடுவது நாலில் ஒரு வேலைதான். முதலில், ஆட்டம் எங்கே நடக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். டெக்சாஸில் அது சட்டவிரோதம். பலகை மாட்டியா நடத்துவார்கள்? ஓட்டல் அறையிலோ கடைப் பின்கட்டிலோ நடக்கும். இரண்டாவது, ஜெயிக்க வேண்டும். மூன்றாவது, போலீஸ் கையில் சிக்கக் கூடாது. நாலாவது, ஜெயித்த பணத்தோடு வீடு வந்து சேர வேண்டும், ஏனென்றால் துப்பாக்கியோடு கொள்ளைக்காரன் வாசலில் நிற்பான். பிரன்சன், அமரில்லோ ஸ்லிம், ஸெயிலர் ராபர்ட்ஸ் மூன்று பேரும் ஒரே பணப்பையில் கூட்டு வைத்துப் பல வருஷம் ஒன்றாகச் சுற்றியது சும்மா சிநேகத்துக்காக இல்லை. ஒருத்தர் தோற்றால் இன்னொருத்தர் தாங்குவார், இருட்டில் கார் வரைக்கும் நடக்கத் துணைக்கு ஆள் இருக்கும்.

இதில் முதல் வேலையைப் பாருங்கள். எதிரே உட்காருகிறவர் எண்ணெய்க் கிணற்று முதலாளி, மாட்டுப் பண்ணைக்காரர், ஊர் டாக்டர். அவருக்குத் தோற்க வசதி உண்டு; சலித்துக்கொள்ளத்தான் மனசில்லை. ஊமை மாதிரி உட்கார்ந்து மூவாயிரம் டாலரை வழித்துக்கொண்டு போகிறவனை ஒரு தடவை சேர்த்துக்கொள்வார். அடுத்த தடவை அழைப்பு வராது. அதே மூவாயிரத்தை வாயாலேயே சிரிக்க வைத்து வாங்குகிறவனுக்கு, “அடுத்த வாரம் வந்துவிடப்பா” என்று அவரே சொல்லி அனுப்புவார். ஊர்சுற்றி ஆட்டக்காரனுடைய வருமானமே அந்த இரண்டாவது அழைப்பில்தான் இருந்தது. அமரில்லோ ஸ்லிமின் ஓயாத வாய் பொழுதுபோக்குக்கு இல்லை ஐயா, அது முதலீடு.

சரி, வெறும் கைத்திறமை மட்டும் இருந்தால் என்ன ஆகும்? ஆளைக் காட்டுகிறேன். பெயர் கெப்ளிங்கர். 1888-ல் சான்ஃபிரான்சிஸ்கோவில் ஆடியவர். சட்டைக் கையை இரட்டையாகத் தைத்து, இரண்டு துணிக்கும் நடுவில் ஒரு நகரும் பிடி வைத்தார். அதிலிருந்து ஒரு கயிறு, சிறு குழாய்களும் கப்பிகளும் வழியாகத் தோளைத் தாண்டி, இடுப்பைத் தாண்டி, கால்சட்டைத் தையலுக்குள் முழங்கால் வரை ஓடும். மேசையில் உட்கார்ந்ததும் தையல் இடைவெளி வழியாக இரண்டு முழங்காலுக்கும் நடுவே கயிற்றை மாட்டிக்கொள்வார். முட்டியை அகட்டினால் பிடி மணிக்கட்டுக்கு வரும், சேர்த்தால் சீட்டோடு உள்ளே போய்விடும். கை அசையாது, தோள் அசையாது. ஒரே அபாயம், சீட்டு சட்டைக்குள் இருக்கும் நேரம் கட்டில் 52-க்கு 51தான் இருக்கும். யாராவது எண்ணினால் போச்சு.

யாரும் எண்ணவில்லை! ஆனாலும் மாட்டினார். கூட ஆடியவர்கள் எல்லாருமே பழம் தின்று கொட்டை போட்ட ஏமாற்றுக்காரர்கள். இந்த மனிதர் மட்டும் ஓயாமல் ஜெயிக்கிறார். ஏன் என்பதற்கு ஒரு காரணமும் தெரியவில்லை. ஒரு நாள் மூன்று பேராக அமுக்கிப் பிடித்துச் சோதித்தார்கள். கருவி வெளியே வந்தது. அடித்தார்களா? இல்லை, எங்களுக்கும் ஆளுக்கொன்று செய்து கொடு என்றார்கள். தோற்றவன் தனக்குத் தானே சொல்லிக்கொள்ள ஒரு சமாதானம் வேண்டும் நடுவர் அவர்களே. அதைக் கொடுக்க கெப்ளிங்கருக்குத் தெரியவில்லை. கருவி இத்தனை நுட்பம்; மந்திரவாதிகள் வட்டத்தைத் தாண்டி அவர் பெயர் தெரிந்தவர் எத்தனை பேர்?

பக்கத்திலேயே கனடா பில் ஜோன்ஸை நிறுத்துங்கள். அவர் மூணு சீட்டுக்காரர்தானே, போக்கர்காரர் இல்லையே என்று எதிரணி எழுந்திருக்கும். உட்காருங்கள், மிசிசிப்பி ஆற்றுக் கப்பலில் இரண்டும் ஒரே கூடத்தில் நடந்தவைதான். அவரிடம் கயிறும் இல்லை, கப்பியும் இல்லை. உடம்புக்குப் பொருந்தாத பெரிய உடுப்பு, கீச்சுக் குரல், அசட்டுக் கேள்வி. பட்டிக்காட்டான் ஒருத்தன் பணத்தோடு தானே வந்து மாட்டியிருக்கிறான் என்ற கதையை எதிராளி மனசில் அவனே கட்டிக்கொள்ளும்படி விட்டார். கதையை நம்பியவன் சீட்டைப் பார்க்க மாட்டான்.

இனி, எதிரணித் தலைவர் குரலைத் தழுதழுக்க வைத்துச் சொன்ன ஜானி மாஸ் கதைக்கு வருகிறேன். 1949-ல் லாஸ் வேகாஸ் ஹார்ஸ்ஷூ காசினோவில், பென்னி பினியன் ஏற்பாட்டில், மாஸும் ‘கிரேக்கர்’ நிக் டான்டலோஸும் ஐந்து மாதம் ஆடினார்கள், கடைசியில் நிக் எழுந்து மரியாதையாக விடைபெற்றார் என்றார். தோற்ற தொகை 20 லட்சம் டாலர் என்பார்கள், 40 லட்சம் என்பார்கள். சொல்கிறவர் வாய்க்குத் தகுந்த மாதிரி ஏறும். நான் கேட்பது ஒன்றே ஒன்று. பினியன் ஹார்ஸ்ஷூவைத் திறந்ததே 1951-ல். இல்லாத காசினோவில் ஐந்து மாதம் ஆடிய திறமையை என்ன சொல்லிப் புகழ்வது? பந்தயம் ஏதோ நடந்திருக்கலாம். ஆனால் ஜனங்கள் சொல்வது அதை இல்லை, அதற்குக் கண், காது, மூக்கு வைத்ததைத்தான்.

பினியன் அதைப் புரிந்துகொண்டவர். 1970-ல் ஹார்ஸ்ஷூவில் போக்கர் உலகத் தொடர் தொடங்கினார். அந்த வருஷம், தோற்றவர் ஒவ்வொருவராக வெளியேறும் முறையே கிடையாது. ஆடி முடித்து, யார் சிறந்தவர் என்று ஆட்டக்காரர்களே ஓட்டுப் போட்டார்கள். ஆளாளுக்குத் தன் பெயரையே எழுதினார்கள் என்றும், இரண்டாவது சிறந்தவர் யார் என்று மாற்றிக் கேட்ட பிறகுதான் மாஸ் பெயர் வந்தது என்றும் சொல்வார்கள். பாருங்கள், அதற்கும் ஒரு கதை!

1972 இன்னும் நல்ல சாட்சி. 8 பேர் ஆடினார்கள். கடைசியில் மூவர்: பிரன்சன், பக்கி பியர்சன், அமரில்லோ ஸ்லிம். பிரன்சனுக்கு விளம்பரமே பிடிக்கவில்லை. சூதாடி என்று ஊருக்குத் தெரிந்தால் குடும்பத்துக்குத் தலைகுனிவு. உடம்பு சரியில்லை என்று காரணம் அறிவித்து, தன் பந்தயச் சில்லுகளுக்கான பணத்தை வாங்கிக்கொண்டு எழுந்துவிட்டார். பட்டம் போனது, பேசத் தெரிந்தவருக்கு. ஸ்லிம் ஜானி கார்சனின் டிவி நிகழ்ச்சியில் போய் உட்கார்ந்தார், நாடு முழுக்கப் போக்கர் என்றால் அந்தத் தொப்பிக்காரர் என்று ஆனது. மேசையில் இருந்தவர்களில் சிறந்த ஆட்டக்காரர் ஸ்லிம்தான் என்று எதிரணியே சொல்லாது.

மணியில் கை வைத்துவிட்டீர்கள், முடிக்கிறேன். 1876 ஆகஸ்ட் 2, டெட்வுட் ஊர் மதுக்கடையில் போக்கர் ஆடிக்கொண்டிருந்த வைல்ட் பில் ஹிக்காக்கைப் பின்னாலிருந்து சுட்டார்கள். அப்போது கையில் இரண்டு கறுப்பு ஆஸ், இரண்டு கறுப்பு எட்டு. அதற்குத்தான் ‘செத்தவன் கை’ என்று பெயர். இது உலகத்துக்கே தெரியும். அந்தச் சீட்டுகள் புத்தகத்தில் ஏறியதோ 1926-ல், ஐம்பது வருஷம் கழித்து. அதற்கு முன் அதே பெயர் வேறு சீட்டுகளுக்கு ஓடிக்கொண்டிருந்தது. 1886-ல் அது மூன்று ஜாக்கி, இரண்டு பத்து.

1971-ல் மாஸ் மறுபடியும் ஜெயித்தார். இந்தத் தடவை ஓட்டு இல்லை, கடைசி ஆள் வரை ஆடி, 30,000 டாலர். அப்பழுக்கில்லாத ஆட்டத் திறமை. அந்தக் கடைசிக் கையில் அவரிடம் இருந்த இரண்டு சீட்டு என்ன? எதிரணியில் அடுத்துப் பேச வருகிறவர் முதலில் அதைச் சொல்லிவிட்டுத் தொடங்கட்டும்.