துளை போடுவதாகச் சொல்லிவிட்டு வயிற்றைத் திறந்தது ஏன்?

அடுத்த கேள்வி மலேசியாவின் பேராக்கில் உள்ள சுங்கை சிப்புட்டிலிருந்து வந்திருக்கிறது. கேட்ட அம்மாவின் கணவர் தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டுபவர். குடல்வால் வீங்கிவிட்டது, சிறு துளைகள் போட்டு எடுத்துவிடுவோம் என்று சொல்லித்தான் உள்ளே அழைத்துப் போனார்களாம். வெளியே வந்தபோது வலது அடிவயிற்றில் நீளமான தையல். "கை தவறிவிட்டதா, டாக்டர்?" என்று கேட்கிறார்.

அவரைப் பரிசோதிக்காமல் நான் தீர்ப்புச் சொல்லக் கூடாது, அம்மா. ஆனால் வயிற்றைத் திறந்துவிட்டார்கள் என்பதற்காகவே தவறு நடந்ததென்று நினைக்காதீர்கள். பாதி வழியில் முறையை மாற்றத் தயங்குகிற மருத்துவரிடம்தான் எனக்குப் பயம்.

சிறு துளைகள் வழியாகச் செய்யும் கீஹோல் முறையில் கரியமில வாயுவால் வயிற்றை உப்ப வைத்து, கேமரா காட்டுவதைத் திரையில் பார்த்து வேலை செய்கிறோம். விரலால் தொட்டுப் பார்க்க வழியில்லை. பெருங்குடலின் மேல் ஓடும் மூன்று தசைப்பட்டைகளும் சேரும் இடத்தில் குடல்வாலின் அடி இருக்கும். பட்டையைத் தொடர்ந்து போய் அதைப் பிடிப்போம். வெடித்துச் சில நாள் ஆன குடல்வாலில் அந்தப் பட்டையே கண்ணில் படாது. சீழ் கட்டி, சிறுகுடலும் கொழுப்புத் திரையும் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கும். அங்கே கருவியால் இழுத்தால் நல்ல குடல் கிழியும். அடிப்பகுதி அழுகியிருந்தாலோ போட்ட கட்டு நிற்காது. இவை தவிர, நிற்காத இரத்தக் கசிவு, பழைய அறுவை சிகிச்சையின் ஒட்டல்கள், வாயு அழுத்தத்தைத் தாங்காத இதயம் அல்லது நுரையீரல், புற்றுக்கட்டியோ என்ற சந்தேகம் ஆகியவற்றாலும் திறக்க நேரிடும்.

ஸ்கேன் ஓரளவு முன்கூட்டியே சொல்லும், முழுவதும் சொல்லாது. அதனால்தான் 'தேவைப்பட்டால் திறப்போம்' என்று ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்குகிறோம். அவசரத்தில் அதை யார் படிக்கிறார்கள்! நம்மவர்கள் வேறு, வாயுத்தொல்லை என்று தைலம் தேய்த்து, பனடோல் வலி மாத்திரை விழுங்கி, சம்பளம் போய்விடுமே என்று வலியோடு வேலைக்குப் போய்விடுகிறார்கள்; அதற்குள் குடல்வால் வெடித்துவிடலாம்.

இனி செய்ய வேண்டியது: திறந்த காரணத்தை மருத்துவரிடம் நேராகக் கேளுங்கள், அறுவைக் குறிப்பில் எழுதியிருக்கும். ஆய்வகத்துக்கு அனுப்பிய குடல்வாலின் முடிவையும் மறக்காமல் கேளுங்கள். தையலில் சீழோ காய்ச்சலோ வந்தால் உடனே காட்டுங்கள். தலைக்கு மேல் கம்பைத் தூக்கிக் குலை வெட்டுவதும் குலை சுமப்பதும் பல வாரங்களுக்கு வேண்டாம். அவர் செய்யும் வேலை என்னவென்று சொல்லி, அதற்கேற்ற எம்.சி. (மருத்துவ விடுப்புச் சான்றிதழ்) கேட்டு வாங்குங்கள்.