எழுந்து நின்றால் ஏறும் நாடித்துடிப்பு

நேயர்களுக்கு வணக்கம். படுக்கையை விட்டு எழுந்ததும் நெஞ்சு படபடக்கிறது, கண் இருட்டிக்கொண்டு வருகிறது, வரிசையில் சற்று நேரம் நின்றாலே கால் துவண்டுவிடுகிறது என்று சொல்லி வரும் இளம்பெண்கள் பலருக்கு இசிஜியும் எக்கோவும் சரியாகவே இருக்கும். உடனே, ‘நரம்புத் தளர்ச்சி’ என்றோ ‘வீண் பயம்’ என்றோ சொல்லி அனுப்பிவிடுகிறோம். நின்றால் மட்டும் வருகிற தொல்லையைப் படுக்கவைத்து எடுத்த இசிஜி எப்படிக் காட்டும்?

நாம் எழுந்து நின்றவுடன் அரை லிட்டருக்கும் கூடுதலான ரத்தம் வயிற்றுக்கும் கால்களுக்கும் இறங்குகிறது. கழுத்துத் தமனியில் உள்ள அழுத்த உணரிகள் அதை அறிந்து ரத்தக் குழாய்களைச் சுருக்குவதால், துடிப்பு சற்றே கூடி அடங்கிவிடுகிறது. சிலருக்குக் குழாய்கள் போதிய அளவு சுருங்குவதில்லை. சிலருக்கு உடலில் ரத்தத்தின் அளவே குறைவு. இவர்களுக்கு, ரத்த அழுத்தம் பெரிதாக இறங்காமலே, நின்ற 10 நிமிடத்துக்குள் துடிப்பு நிமிடத்துக்கு 30 அல்லது அதற்கு மேல் கூடி, குறையாமல் அப்படியே நீடிக்கிறது. 12 முதல் 19 வயது வரையுள்ளவர்களுக்கு இந்த அளவு 40. மூன்று மாதங்களுக்கு மேல் இது நீடித்தால் ‘பாட்ஸ்’ (POTS - எழுந்து நின்றால் நாடித்துடிப்பு மிகும் கோளாறு) என்கிறோம். கோவிட் வந்துபோன பிறகு இத்தொல்லை தொடங்கியவர்களும் உண்டு.

கண்டறியப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. ஐந்து நிமிடம் படுக்கவைத்து நாடியை எண்ண வேண்டும். பிறகு, பக்கத்தில் ஒருவர் துணையிருக்க, அசையாமல் நிற்கவைத்து 1, 3, 5, 10ஆம் நிமிடங்களில் நாடியையும் ரத்த அழுத்தத்தையும் பார்க்க வேண்டும். அப்போது பாதங்கள் கருஞ்சிவப்பாக மாறுவதைக்கூடச் சிலரிடம் காணலாம். ஆனால், ரத்தசோகை, தைராய்டு மிகை, நீரிழப்பு, சில மருந்துகள் ஆகியவையும் நாடியை இப்படி விரட்டக்கூடும் என்பதால், முதலில் அவற்றை விலக்கிக்கொள்வது அவசியம். நம் பெண்களிடம் ரத்தசோகை எவ்வளவு பரவலானது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

சிகிச்சையின் அடித்தளம் நீரும் உப்பும்தான். நாளுக்கு 2 முதல் 3 லிட்டர் தண்ணீரும், மருத்துவர் சொல்லும் அளவுக்குக் கூடுதல் உப்பும், இடுப்புவரை இறுக்கிப் பிடிக்கும் காலுறையும், நீச்சல்போல, எழுந்து நிற்கத் தேவையில்லாத உடற்பயிற்சியும் பலருக்குக் கைகொடுக்கின்றன, போதாதபோதுதான் மாத்திரை. உயர் ரத்த அழுத்தமோ சிறுநீரக நோயோ உள்ளவர்கள் இதைக் கேட்டுவிட்டு உப்பைக் கூட்டிவிடக் கூடாது. படபடப்போடு நெஞ்சுவலி வந்தாலோ, உழைக்கும்போதே மயங்கி விழுந்தாலோ, அதை இந்தக் கணக்கில் சேர்க்காமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.