பிளேடும் நாடாவும்

நேயர்களுக்கு வணக்கம். கேசட் காலத்து ஆட்களுக்கு இது தெரிந்திருக்கும். டேப் ரெக்கார்டரில் பேட்டரி தீரும்போது பாட்டு இழுக்கும். பாடகியின் குரல் மெல்ல மெல்ல ஆண் குரலாகும். எங்கள் வீட்டில் உடனே பேட்டரியைக் கழற்றி வெயிலில் வைப்போம். அந்த இழுவையை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

1963-இல் பிபிசி தொலைக்காட்சியில் 'டாக்டர் ஹூ' என்ற அறிவியல் புனைகதைத் தொடர் தொடங்கியது. அதன் முகப்பு இசையை எழுதியவர் ரான் கிரெய்னர். எழுதியது ஒரே ஒரு தாளாம். அதை ஒலியாக்கியவர் டீலியா டெர்பிஷர், 26 வயது, கேம்பிரிட்ஜில் கணக்கும் இசையும் படித்தவர். இடம், லண்டன் மெய்டா வேலில் இருந்த ரேடியோஃபோனிக் ஒர்க்‌ஷாப். நாடகங்களுக்கு விநோத ஒலிகள் செய்துதர 1958-இல் தொடங்கிய பிரிவு அது.

மின்னணு இசைக்கருவியான சிந்தசைசர் கிடையாது. ஒரு கம்பியை மீட்டிப் பதிவு செய்தார்கள். நாடாவைப் பாதி வேகத்தில் ஓட்டினால் அதே சுரம் கீழ் ஸ்தாயிக்கு இறங்கும். நம் பேட்டரிக் கதைதான். இரட்டை வேகமென்றால் மேல் ஸ்தாயி. இப்படி வேண்டிய சுரங்களை எடுத்து, பிளேடால் வெட்டி, வரிசையாக ஒட்டினார்கள். நாடா வினாடிக்கு 15 அங்குலம் ஓடினால், அரை வினாடிச் சுரத்துக்கு ஏழரை அங்குலம். நாம் தொடையில் போடும் தாளத்தை அவர்கள் ஸ்கேலில் அளந்தார்கள்! அந்த முகப்பு இசையில் மேலே மிதக்கும் ஊளை மட்டும் வேறு. அது ஆசிலேட்டரின், அதாவது சோதனைக்காகச் சீரான மின்னொலி எழுப்பும் கருவியின், குமிழைக் கையால் திருகி எடுத்தது.

எனக்குப் பிடித்த இடம் இனிமேல்தான். எல்லாம் வெட்டி ஒட்டியதுதானே? இசையின் ஒவ்வொரு பகுதியும் ஒரு நாடாவில். எல்லாம் சேர்ந்து ஒலிக்க, அவற்றைத் தனித்தனி மெஷினில் மாட்டி, ஒன்றாகப் பொத்தானை அமுக்க வேண்டும். அமுக்கினால், எங்கேயோ ஒரு சுரம் இடறுகிறது. எங்கே என்று காதுக்குப் பிடிபடவில்லை. டீலியாவும் உதவியாளர் டிக் மில்ஸும் நாடாக்களை நீண்ட நடைவழியில் பக்கம் பக்கமாக விரித்தார்கள். ஒட்டுக்கு ஒட்டு பார்த்துக்கொண்டே நடந்தார்கள். ஓர் ஒட்டு மட்டும் மற்றவற்றோடு சேராமல் தள்ளி நின்றது. அபஸ்வரத்தைக் கண்ணால் பிடித்தவர்கள், ஐயா!

கிரெய்னர் கேட்டுவிட்டு, "நானா இதை எழுதினேன்?" என்றாராம். "பெரும்பாலும் நீங்கள்தான்" என்றாராம் டீலியா. சம்பாத்தியத்தில் பாதியை அவருக்கே தர கிரெய்னர் முன்வந்தார். ஊழியர் பெயர் வரக்கூடாதென்பது பிபிசி வழக்கம், நடக்கவில்லை. 2001-இல் டீலியா காலமானார். தொடரில் அவர் பெயர் திரையில் வந்தது 2013-இல்.

அடடா, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டுகிறார்கள். டீலியாவின் பச்சை விளக்குமூடியைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல நினைத்தேன். சுருக்கமாக: அந்த உலோக மூடியைத் தட்டிப் பதிவுசெய்து, தட்டிய சத்தத்தை வெட்டி எறிந்துவிட்டு, மிச்ச ரீங்காரத்தை வைத்தே இசை செய்தார். வீட்டில் பித்தளைத் தட்டு இருந்தால் தட்டிப் பாருங்கள். 'ணங்'கை விட்டுவிட்டு, அதற்கு அப்புறம் வருவதை மட்டும் கேளுங்கள். வணக்கம்.