போன எடுக்காதவங்கள எங்க பாத்து பேசுறது?

நடுவர் ஐயா அவர்களே, எதிரணி நண்பர்களே, எல்லாருக்கும் வணக்கம். ராணுவத் தளபதிங்களும் அமைச்சருங்களும் கூடுற சர்வதேச பாதுகாப்புக் கருத்தரங்கு போரைத் தடுக்க உதவுதா, வெறும் பேச்சான்னு தலைப்பு. உதவுதுன்னு சொல்ற அணி நாங்க. எதிரணித் தலைவர் இப்பதான் சொன்னாரு, ஹோட்டல்ல கூடி சாப்பிட்டு கைகுலுக்கிட்டு கலையறாங்கன்னு. ஐயா, அந்த ஹோட்டல் நம்ம சிங்கப்பூர்லதான் இருக்கு, ஆரஞ்ச் க்ரோவ் ரோட்ல. 2002லேருந்து பல நாட்டு பாதுகாப்பு அமைச்சருங்க கூடுற ஷாங்ரி-லா கருத்தரங்கு அங்கதான் நடக்குது, கோவிட் வந்த ரெண்டு வருஷம் மட்டும் நடக்கல.

2023 பிப்ரவரிய யோசிச்சுப் பாருங்க. அமெரிக்கா மேல பறந்த சீன பலூன சுட்டு வீழ்த்துனாங்க, உடனே அமெரிக்க பாதுகாப்பு அமைச்சர் ஆஸ்டின் பேசணும்னு சீன அமைச்சர கேட்டாங்க, அவங்க முடியாதுன்னுட்டாங்க. ரெண்டு நாட்டுக்கிட்டயும் அணுகுண்டு இருக்குங்க! முந்தின வருஷம் அமெரிக்க நாடாளுமன்ற சபாநாயகரா இருந்த பெலோசி, சீனா தன்னோடதுன்னு சொல்ற தைவானுக்குப் போனதுலேருந்தே தளபதிங்க பேசிக்கிற வழிய சீனா மூடி வச்சிருந்துச்சு. ஜூன்ல இங்க வந்தப்போ ஆஸ்டினும் சீன அமைச்சர் லீ ஷாங்ஃபூவும் விருந்துல கைகுலுக்குனதோட சரி, உக்காந்து பேசவே இல்ல. அதே நாள்கள்ல தைவான் ஜலசந்தில ஒரு சீன போர்க்கப்பல் அமெரிக்கக் கப்பலுக்கு குறுக்கால 150 கஜ தூரத்துல போச்சு. கப்பல் என்ன காரா, பிரேக்க மிதிச்சா நிக்க? மோதியிருந்தா யாரு யாருக்கு போன் பண்ணியிருப்பாங்க? என் பையன் இப்போ நேஷனல் சர்வீஸ்ல, அதாவது கட்டாய ராணுவ சேவைல இருக்கான், அந்தச் செய்தியப் படிச்ச அன்னிக்கு எனக்குத் தூக்கம் வரல.

2024 மே 31, அதே ஹோட்டல். ஆஸ்டினும் புது சீன அமைச்சர் தொங் ஜுன்னும் ஒண்ணேகால் மணி நேரம் நேருக்கு நேர் உக்காந்து பேசுனாங்க. செப்டம்பர்ல அமெரிக்க இந்தோ-பசிபிக் தளபதியும் சீனாவோட தெற்குப் பகுதி தளபதியும் வீடியோ கால்ல பேசிக்கிட்டாங்க. அதிபருங்க பைடனும் ஷி ஜின்பிங்கும் முந்தின நவம்பர்லயே ராணுவப் பேச்ச மறுபடி தொடங்கலாம், சரின்னு சொன்னதாலதான் இது நடந்துச்சுன்னு எதிரணி சொல்லலாம், சரிதான், நான் மறுக்கல, ஆனா சரின்னு சொன்னப்புறம் எங்க சந்திக்கிறது? பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிங்க ஒருத்தர் வீட்டுக்கு ஒருத்தர் போக மாட்டாங்க, இறங்கிப் போயிட்டான்னு ஊர் பேசும்ல. அதுவே மூணாவது ஒருத்தர் வீட்டுக் கல்யாணம்னா ரெண்டு பேரும் வருவாங்க, பந்தில பக்கத்துல உக்காந்தா ஒரு வார்த்தை வரும். அந்தக் கல்யாண வீடுதாங்க இந்தக் கருத்தரங்கு!

கடைசியா, ஜெர்மனியோட மூனிக் நகரத்துல நடக்குற பாதுகாப்பு மாநாடு. 2022 பிப்ரவரில அங்க மாநாடு முடிஞ்ச நாலே நாள்ல உக்ரைன் மேல ரஷ்யா படையெடுத்துச்சே, என்ன கிழிச்சீங்கன்னு எதிரணி கேட்டாங்க. நியாயமான கேள்வி, செத்தவங்கள நெனச்சா எனக்கும் மனசு கனக்குது. ஆனா அந்த வருஷம் ரஷ்ய அரசு மூனிக்குக்கு யாரையும் அனுப்பவே இல்லங்க. 2011ல அதே மூனிக்ல அப்போதைய அமெரிக்க வெளியுறவு அமைச்சர் ஹிலாரி கிளிண்டனும் ரஷ்ய வெளியுறவு அமைச்சர் லாவ்ரோவும் நியூ ஸ்டார்ட் ஒப்பந்தப் பத்திரங்கள மாத்திக்கிட்டாங்க, ஆளுக்கு 1550 அணுகுண்டுக்கு மேல தயார் நிலைல வைக்கக் கூடாதுன்னு சொன்ன ஒப்பந்தம் அது. அன்னிக்கு வந்து உக்காந்தாங்க, 2022ல வரல. நாற்காலி போட்டு வச்சவங்க தப்பா, வராதவங்க தப்பான்னு நடுவர் ஐயாவே சொல்லட்டும். நன்றி, வணக்கம்.