படத்தில் பார்த்த பயம்

நடுவர் அவர்களே, பெங்களூருத் தமிழ்ச் சொந்தங்களே, வணக்கம். 'மனநோயையும் இறுதிக்கால முடிவுகளையும் திரைப்படங்கள் புரிய வைக்கின்றனவா, பயமுறுத்துகின்றனவா?' என்பது தலைப்பு. பயமுறுத்துகின்றன என்பது எங்கள் அணி.

எதிரணித் தலைவர் சொன்னார், சினிமா இல்லாவிட்டால் இந்த நோய்களின் பெயர்கூட நமக்குத் தெரிந்திருக்காது என்று. பெயர் தெரிந்தது, சரி. கூடவே 'இவனைக் கீழ்ப்பாக்கத்துக்கு அனுப்பு' என்ற வசனமும் வந்ததே ஐயா! இந்த ஊரில் கீழ்ப்பாக்கத்துக்குப் பதில் இங்குள்ள மனநல மருத்துவமனையான நிம்ஹான்ஸ் என்கிறோம், அவ்வளவுதான். கேலி அதே கேலி.

சாவையும் அப்படித்தான் காட்டுகிறார்கள். நள்ளிரவில் ஒருவர் அழுதுகொண்டே வந்து குழாயைப் பிடுங்குவார். அதற்குக் கருணைக் கொலை என்று பெயர். மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் செவிலியராக இருந்த அருணா ஷான்பாக், ஒரு தாக்குதலில் மூளை பாதிக்கப்பட்டு, 1973 முதல் 2015-இல் இறக்கும் வரை அங்கேயே படுக்கையில் இருந்தார். அவருக்கு உணவை நிறுத்தக் கேட்டு வழக்கு வந்தபோது, கூடாது என்று நின்றவர்கள் அவரைக் குளிப்பாட்டி ஊட்டிய செவிலியர்கள். 2011-இல் உச்ச நீதிமன்றம் அந்த மனுவை ஏற்கவில்லை. ஆனால் மீளவே முடியாத நிலையில் சிகிச்சையை நிறுத்த, கடும் நிபந்தனைகளோடு ஒரு வழியைத் திறந்தது. 2018-இல், நமக்கு எது வேண்டாம் என்பதை முன்கூட்டியே எழுதி வைக்கலாம் என்றது. 2023-இல் அதை எளிதாக்கியது: இரண்டு சாட்சி, ஒரு நோட்டரி போதும். நிறுத்துவதற்கு முன் மருத்துவர்கள் இரண்டு குழுவாகப் பார்த்துச் சொல்ல வேண்டும். ராத்திரியில் தனியாள் வந்து பிடுங்குகிற வேலை அல்ல இது. ஆனால் வீட்டில் பேச்செடுத்துப் பாருங்கள், 'என்னைக் கொல்லப் பார்க்கிறாயா?' என்பார்கள். அந்தக் 'கொலை' என்ற சொல்லை வீட்டுக்குள் கொண்டுவந்தது எது?

என் அத்தை கதையைச் சொல்கிறேன். ஸ்ரீராமபுரத்தில் இருக்கிறார். மன அழுத்த நோய். சாப்பாடு நின்றது, தூக்கம் போனது, கடைசியில் பேச்சும் நின்றது. சுவரைப் பார்த்துப் படுத்திருப்பார். ஷாக் சிகிச்சை கொடுக்கலாம் என்று டாக்டர் சொன்னதும் மாமா எழுந்துவிட்டார். "கட்டிப்போட்டு, துடிக்கத் துடிக்கக் கரண்ட் வைப்பாங்களே, படத்துல பாத்திருக்கேன்." அந்த ஒரு காட்சிக்காக ஐந்து வாரம் அத்தையை வீட்டிலேயே வைத்திருந்தோம். எடை குறைந்து குறைந்து வளையல் முழங்கை வரை ஏறியது.

பிறகுதான் மாமா சம்மதித்தார். மயக்க மருந்து, தசை தளர ஒரு மருந்து, அப்புறம் சில நொடி மின்சாரம். மயக்க மருந்தும் தசைத்தளர்வு மருந்தும் இல்லாமல் இதைச் செய்யவே கூடாது என்று 2017 மனநலச் சட்டம் தடுத்திருக்கிறது. சில நாள் ஞாபகம் தடுமாறியது, அதை மறைக்க மாட்டேன். ஆறாவது தடவை முடிந்து வீட்டுக்கு வந்த அன்று, மாமாவைப் பார்த்து அத்தை கேட்டார்: "பசிக்குது. இட்லி இருக்கா?" மாமா கடைக்கு ஓடினார், செருப்புகூடப் போடாமல்.