எங்கள் ஊர் ஆர்.சி. ஸ்கூலில் ஒரு நாள்: தண்ணீரும் பல்லும்

வணக்கம். இங்கே காற்று கொஞ்சம் அதிகம். மைக்கில் கைக்குட்டையைச் சுற்றியிருக்கிறேன், இரைச்சல் வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்குப் பின்னால் தெரிகிற ஓட்டுக் கட்டடம்தான் நான் ஒன்றாவது முதல் ஐந்தாவது வரை படித்த பள்ளிக்கூடம். தருமபுரி மாவட்டம் பாலக்கோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிற ஊர். போர்டில் ஒரு புனிதரின் பெயர் நீளமாக எழுதியிருக்கிறது. அதைச் சொல்லி வழி கேட்டால் யாருக்கும் தெரியாது. ஆர்.சி. ஸ்கூல், அதாவது ரோமன் கத்தோலிக்கப் பள்ளி, என்றால் போதும், கண்டக்டரே இறக்கிவிடுவார்.

சிஸ்டர் வீடியோ எடுக்க ஒத்துக்கொண்டார். ஒரே நிபந்தனை, பிள்ளைகள் முகம் தெரியக்கூடாது. சரிதான். அதனால் இன்றைக்கு நீங்கள் பார்க்கப்போவது கைகள், முதுகுகள், அப்புறம் இதோ, வகுப்பு வாசலில் இந்தச் செருப்புகள். பாதி ஜோடிக்கு வார் அறுந்து ஊக்கு குத்தியிருக்கிறது. பெரிய செருப்பு ஒன்று தெரிகிறதல்லவா? அது ஒரு பாட்டியுடையது. அப்பா அம்மா பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய்விட்டால் பிள்ளைகள் பாட்டியிடம்தான் வளர்கிறார்கள். மூன்றாம் வகுப்பில் அந்தப் பாட்டிகளுக்கென்றே ஒரு கதை நேரம் வைத்திருக்கிறார்கள். அந்தப் பாட்டி பாதித் தெலுங்கில் கதை சொன்னார். ஒரு சொல் புரியாவிட்டால் தெலுங்கு தெரிந்த பையன் எழுந்து தமிழில் சொல்கிறான், டீச்சர் அதைக் கரும்பலகையில் எழுதுகிறார். எங்கள் காலத்தில் வீட்டு மொழியை வகுப்பில் பேசினால் முட்டி போட வைப்பார்கள். யார் வைத்தார்கள் என்று கேட்காதீர்கள்.

காலைச் சாப்பாட்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முதலமைச்சர் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் அரசுப் பள்ளிகளில்தான் ஆரம்பித்தது. இது மாதிரி கிராமத்தில் இருக்கிற அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கு 2024 ஜூலை 15, காமராஜர் பிறந்த நாளில்தான் வந்தது. அதுவரைக்கும் இந்தப் பிள்ளைகளுக்கு மதிய உணவு மட்டும். முன்பெல்லாம் பிரேயரில் தினமும் யாராவது ஒருத்தர் தலை சுற்றி உட்கார்ந்துவிடுவார்களாம். இப்போது அசெம்பிளிக்கு முன்பே தட்டு கழுவும் சத்தம் கேட்கிறது.

சரி, நான் வந்தது ஐந்தாம் வகுப்பைப் பார்க்க. அங்கே சுவரில் ஊர் வரைபடம் ஒன்று ஒட்டியிருக்கிறார்கள். பிள்ளைகளே தெருத் தெருவாக நடந்து வரைந்தது. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு புள்ளி. குடிக்கக் குழாயில் வருகிற ஒகேனக்கல் காவிரித் தண்ணீர் பிடிக்கிற வீட்டுக்கு நீலம், போர் தண்ணீர், அதாவது ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர், குடிக்கிற வீட்டுக்கு மஞ்சள்.

வெளியூர்க்காரர்களுக்கு ஒரு விளக்கம். தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் பல ஊர்களில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். யாரும் கலந்ததில்லை, பாறையிலிருந்தே கரைந்து வருவது. ஒரு லிட்டரில் 1 மில்லிகிராமுக்குள் இருந்தால் நல்லது, வேறு வழியில்லாவிட்டால் 1.5 வரை போகலாம் என்பது இந்திய அளவுகோல். அதற்கு மேலே போனால், பல் உருவாகிக்கொண்டிருக்கிற சின்ன வயதில் குடிக்கிற பிள்ளைகளுக்குப் பல்லில் கறை விழும். இன்னும் அதிகமாகிப் பல வருடம் குடித்தால் எலும்பு மூட்டெல்லாம் இறுகிப்போகும். இதற்காகத்தான் ஜப்பான் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது, 2013இல் திறந்தார்கள். ஆனால் குழாயில் தண்ணீர் வராத நாளில் மோட்டாரைப் போடுவோம். மோட்டார் தண்ணீர் ருசியாகவும் இருக்கும், அதுதான் சங்கடம்.

என் பல்லில் இருக்கிற கறையைப் பார்த்திருப்பீர்கள். கமெண்டில் இரண்டு பேர் பேஸ்ட் பெயர்கூட எழுதி உதவி செய்தார்கள், நன்றி. இது தேய்த்துப் போகிற கறை இல்லை. ஆறாவதுக்கு வேறு பள்ளிக்குப் போனபோது ஒரு ஆசிரியர் வகுப்பில் எழுப்பி, பல் துலக்குகிற பழக்கம் உண்டா என்று கேட்டார். அதற்குப் பிறகு எந்தக் குரூப் போட்டோவிலும் நான் வாயைத் திறந்ததில்லை. இந்தப் பள்ளியில் எடுத்த போட்டோவில் மட்டும் சிரித்திருக்கிறேன். இங்கே எல்லோருக்கும் அதே பல், யார் யாரைச் சொல்வது?

இப்போது பாருங்கள், சோதனை. ஃபுளோரைடு பார்க்கிற சோதனைக் கிட்டை ஊராட்சியில் கேட்டு வாங்கி வந்திருக்கிறார்கள். பிள்ளைகள் வீட்டிலிருந்து பாட்டிலில் தண்ணீர் கொண்டுவந்து பெயர் எழுதி வரிசையாக வைத்திருக்கிறார்கள். மருந்தைச் சொட்டுவது டீச்சர் மட்டும், அதில் அமிலம் இருக்கிறது. நிறத்தைப் பார்த்துச் சொல்வது பிள்ளைகள். ஃபுளோரைடு குறைவாக இருந்தால் இளஞ்சிவப்பு, கூடக்கூட மஞ்சளுக்குப் போகும். முதல் பாட்டில் ரோஸ். இரண்டாவதும் ரோஸ். மூன்றாவது நடுவாந்திரம், அதற்கு ஒரு சண்டையே நடந்தது. ஆரஞ்சு என்று நாலு பேர், இல்லை என்று மற்றவர்கள். கடைசியில் வெள்ளைத் தாளைப் பின்னால் பிடித்துப் பார்த்து முடிவு செய்தார்கள்.

நான் எங்கள் வீட்டு போர் தண்ணீரை ஒரு பாட்டிலில் கொண்டுபோயிருந்தேன். ரொம்பப் பெருமையாக, "எங்க அம்மா நல்லா கொதிக்க வச்சு ஆறவச்சுத்தான் குடுப்பாங்க" என்றேன். ஒரு சின்னக் கை மேலே போயிற்று.

"அக்கா, கொதிக்க வச்சா கிருமிதான் சாகும். ஃபுளோரைடு போகாது. தண்ணி ஆவியாயிடும், அது மட்டும் தங்கிடும். இன்னும் கெட்டியாயிடும்."

எனக்குப் பேச்சு வரவில்லை. முப்பது வருடமாக அம்மா விறகு அடுப்பில் கண் எரிய ஊதி ஊதிக் காய்ச்சிய தண்ணீர். அக்கறையோடுதான் கொடுத்தார். அந்தப் பெண்ணுக்கு வயது பத்து.

அப்புறம் அவர்களே சொன்னார்கள்: கேழ்வரகுக் களி, நெல்லிக்காய், பால் சாப்பிடச் சொல்லுங்கள் என்று. களியிலும் பாலிலும் இருக்கிற சுண்ணாம்புச் சத்தால் ஃபுளோரைடு உடம்பில் சேர்வது குறையுமாம். களி இந்தப் பக்கத்துச் சாப்பாடுதான், ரேஷன் அரிசி வந்தபிறகு வாரத்துக்கு ஒரு நாளாகச் சுருங்கிவிட்டது.

வெளியே திண்ணையில் இந்தப் பானையைப் பாருங்கள். ஈஸ்டருக்கு முந்தின தவக்காலம் அல்லவா, பிடி அரிசி. வெள்ளிக்கிழமை தோறும் ஆளுக்கு ஒரு கைப்பிடி கொண்டுவந்து போடுகிறார்கள். முக்கால்வாசிப் பிள்ளைகள் கிறிஸ்தவர்கள் இல்லை. மறைக்கல்வி நேரத்தில் அவர்கள் நன்னெறி வகுப்புக்குப் போவார்கள், ஆனால் பானைக்கு எல்லோரும் வருகிறார்கள். ஒரு பிள்ளை ராகியைப் போட்டிருக்கிறது, அரிசியோடு கலந்து கிடக்கிறது. பொறுக்கி எடுக்கிற வேலை அன்பியத்துப் பெண்களுக்கு, அதாவது பங்கில் பக்கத்து வீட்டுக் கத்தோலிக்கர்கள் சேர்ந்த சின்னக் குழுவுக்கு. தனியாக இருக்கிற நாலு வயசானவர்களுக்கு அது போகிறது. இந்த வருடம் ரம்ஜான் நோன்பும் தவக்காலமும் ஒன்றாக வந்ததால், சாயங்காலம் ஒரு பையன் வீட்டிலிருந்து நோன்புக் கஞ்சி தூக்குவாளியில் சிஸ்டர்களுக்கு வந்துவிடுகிறதாம்.

என் பாட்டில் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். நல்ல மஞ்சள். எலுமிச்சம்பழம் மாதிரி. அங்கேயே அம்மாவுக்கு போன் போட்டேன். காய்ச்ச வேண்டாம், குழாயில் காவிரித் தண்ணீர் வருகிற அன்றைக்குக் குடத்தில் பிடித்து மூடிவை, போர் தண்ணீர் துணி துவைக்க மட்டும் என்றேன். "யாரு சொன்னா?" என்றார். ஐந்தாவது படிக்கிற பிள்ளை என்றேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. "சிஸ்டர் இருக்காங்களா, அவங்ககிட்ட குடு" என்றார்.

அவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போது அந்தப் பெண் ஸ்கெட்ச் பேனாவோடு வந்தது. "அக்கா, உங்க வீட்டையும் சேர்க்கட்டுமா?"

கொஞ்சம் கிட்டே போகிறேன், தெரிகிறதா? கோயில் தெரு, இடது ஓரம், கிணற்றுக்கு அடுத்தது. மை இன்னும் காயவில்லை.